தில்லி வாசலுக்கு வெளியே: ஷனிவார் வாடாவின் எச்சமும் நம் வரலாறும்



புனே என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓர் ஒப்பந்தம். 1932 செப்டம்பர் 24 அன்று எரவாடா சிறையில் கையெழுத்தான அந்தத் தாளில் அண்ணல் அம்பேத்கரின் கையெழுத்தோடு இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகிய நம் ஊர்த் தலைவர்களின் கையெழுத்தும் இருக்கிறது. தனி வாக்காளர் தொகுதியை நாம் இழந்த ஊர் அது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் நாங்கள் பத்துப் பேர் புனேவுக்குப் போனதும் அந்த நினைவோடுதான். ஆனால் திரும்பி வரும்போது எங்கள் பேச்செல்லாம் எரவாடாவைப் பற்றி இல்லை. ஊர் நடுவில் நிற்கும் ஒரு வாசலைப் பற்றித்தான் ரயிலில் இரவெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். இன்றைய உரை அந்தப் பேச்சின் தொடர்ச்சி.

யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ, அந்த மூத்த தோழருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கோயிலோ கோட்டையோ எதைக் காட்டினாலும் கட்டியவர்களுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேட்பார். அழகை ரசிக்க விடமாட்டேன் என்கிறாரே என்று அப்போது சலித்துக்கொண்டதுண்டு. புனேயில் எங்களுக்குத் துணையாக இருந்தது அந்தக் கேள்விதான்.

ஷனிவார் வாடா என்றால் சனிக்கிழமை மாளிகை. முதலாம் பாஜிராவ் பேஷ்வா 1730 ஜனவரி 10, ஒரு சனிக்கிழமையில் அடிக்கல் நாட்டினார். 1732 ஜனவரி 22 அன்று புகுவிழா நடந்தது; அதுவும் சனிக்கிழமை. ஆன செலவு 16,110 ரூபாய் என்று பதிவாகியிருக்கிறது. ஜுன்னர் காடுகளிலிருந்து தேக்கு வந்தது, சிஞ்ச்வாட் குவாரிகளிலிருந்து கல் வந்தது, ஜெஜுரியிலிருந்து சுண்ணாம்பு வந்தது. பொருள் வந்த ஊர்களின் பெயரெல்லாம் கிடைக்கிறது. அதைச் சுமந்து வந்தவர்கள் எந்தச் சேரியிலிருந்து வந்தார்கள் என்பது மட்டும் எந்தத் தகவல் பலகையிலும் இல்லை.

ஏழு அடுக்கு மாளிகை என்று சொல்லப்படும் அந்தக் கட்டடத்தில் இன்று ஓர் அடுக்குகூட இல்லை. 1828 பிப்ரவரி 27 அன்று பிடித்த தீ ஏழு நாள் எரிந்ததாம். மரமும் செங்கல்லும் போயின. மிஞ்சியவை சுற்று மதில், ஒன்பது கொத்தளங்கள், ஐந்து வாசல்கள், கட்டடங்கள் நின்ற மேடைகள், வறண்ட நீரூற்றுத் தொட்டிகள். உள்ளே இப்போது புல்வெளி. காதலர்களும் பள்ளிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏன் கீழே மட்டும் மிஞ்சியது? புனேயில் சொல்லப்படும் ஒரு கதை இதற்கு விடை தருகிறது. மாளிகை முழுவதையும் கல்லால் எழுப்ப பாஜிராவ் நினைத்தாராம். முதல் தளம் முடிந்ததும் சாதாராவிலிருந்து எதிர்ப்பு வந்தது. கல் மாளிகை கட்டும் உரிமை அரசருக்கே உண்டு, பேஷ்வா என்னதான் ஆண்டாலும் சத்ரபதி ஷாஹுவின் அமைச்சர்தானே என்றார்களாம். ஆகவே மேல் தளங்கள் செங்கல்லுக்கும் மரத்துக்கும் மாறின. கதை எவ்வளவு உண்மையோ, அது சொல்லும் ஒழுங்கு நமக்குப் புதிதில்லை. அரசனுக்குக் கல், அமைச்சனுக்குச் செங்கல் என்று படி இறங்கிக்கொண்டே வந்தால் கடைசியில் மண்ணும் ஓலையும், அதற்கும் கீழே கூரையே இல்லாத இடமும் வரும். ஓட்டு வீடு கட்டியதற்காக அடிபட்ட சேரிகளின் கதை தெரிந்த நமக்கு இந்த ஏணியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எஞ்சியவற்றில் பெரியது தில்லி தர்வாஜா. வடக்கே தில்லியை நோக்கி நிற்கும் தலைவாசல். தேக்குக் கதவுகளில், யானை வந்து முட்டினால் அதன் நெற்றியில் குத்தும் உயரத்தில், 72 இரும்புக் கூர்முனைகள். கதவின் ஓரத்தில் ஆள் குனிந்து நுழையும் திட்டிவாசல். மேலே முரசறையும் நகார்கானா. எங்களோடு வந்த மாணவி ஒருவர் அங்கே ஒன்று கேட்டார். கொலுக்கூடம் போய்விட்டது, ஓவியங்கள் போய்விட்டன, பாட்டும் விருந்தும் நடந்த கூடங்கள் போய்விட்டன. கதவும் மதிலும் மட்டும் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு இந்த மாளிகை எப்போதுமே இவ்வளவுதானே இருந்திருக்கும்? நாங்கள் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு கதவின் இந்தப் பக்கத்தை விட்டு நகர எங்களுக்கு மனம் வரவில்லை.

இந்தப் பக்கத்தின் வரலாறு எழுதப்படாமல் இல்லை. 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அதைப் பதிவு செய்கிறார். பேஷ்வா ஆட்சியில் தீண்டப்படாதவர் அடையாளமாகக் கறுப்புக் கயிறு கட்ட வேண்டும். தலைநகர் புனேயில், தான் நடந்த தடத்தைத் தானே பெருக்கிக்கொண்டு போக இடுப்பில் துடைப்பம் தொங்க வேண்டும், எச்சில் மண்ணில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயம் தொங்க வேண்டும். இன்னொரு கட்டுப்பாடும் பதிவுகளில் வருகிறது. மகர்களும் மாங் மக்களும் பிற்பகல் 3 மணிக்குப் பின்னும் காலை 9 மணிக்கு முன்னும் புனே நகர வாயிலுக்குள் இருக்கக் கூடாது. அந்த நேரங்களில் நிழல் நீளும். நீண்ட நிழல் மேல்சாதிக்காரர் மேல் விழுந்துவிடும்.

சாதிக்குச் சூரியனின் கணக்கும் தெரிந்திருக்கிறது. நாங்கள் அங்கே நின்றது பிற்பகல் மூன்றரை மணி. டிசம்பர் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வர, வடக்கு நோக்கிய அந்த வாசலின் நிழல் முன்திடலில் நெடுக விழுந்து கிடந்தது. அதில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். மதிலின் நிழல் எங்கள் மேல் விழலாம். எங்கள் நிழல் மதிலைத் தொட்டிருந்தால்தான் அன்று குற்றம்.

உள்ளே சுற்றிக்காட்ட வந்த வழிகாட்டி எல்லாருக்கும் சொல்லும் கதையை எங்களுக்கும் சொன்னார். 1773 ஆகஸ்ட் 30 அன்று நாராயண்ராவ் பேஷ்வா இந்த மாளிகைக்குள்ளேயே காவற்படையினரால் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 18. பிடித்து வை என்று எழுதிய கட்டளையில் ஓர் எழுத்தை மாற்றிக் கொல் என்றாக்கினார் சித்தி ஆனந்திபாய் என்பது மராட்டியம் முழுக்கத் தெரிந்த கதை. பௌர்ணமி இரவுகளில் அந்தப் பையன் சித்தப்பாவைக் கூப்பிட்டு அலறும் குரல் இன்றும் கேட்கிறதாம். இறந்தது பதினெட்டு வயதுப் பிள்ளை. அந்தக் கொலைக்காக நாமும் வருந்தலாம். ஆனால் அரண்மனையில் செத்தால்தான் ஆவிக்கும் குரல் உண்டு போலிருக்கிறது.

ஏனென்றால் இந்த ஊரில் இன்னொரு குரலும் இருந்தது. முக்தா சால்வே. மாங் சாதியில் பிறந்தவர். ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் நடத்திய பள்ளியில் மூன்றாண்டு படித்தவர். சுமார் பதினான்கு வயதில் மாங், மகர் மக்களின் துயரங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை 'ஞானோதயா' என்ற மராத்தி மிஷன் இதழ் 1855 பிப்ரவரி 15, மார்ச் 1 ஆகிய இரண்டு இதழ்களில் வெளியிட்டது. இந்தியாவில் தலித் பெண் ஒருவர் எழுதி அச்சேறிய எழுத்துகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது.

அதில் அவர் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வேதம் தங்களுக்கே உரியது, பிறர் பார்க்கவும் கூடாது என்று பிராமணர்கள் சொன்னால், எங்களுக்கு வேதநூல் இல்லை, மதமும் இல்லை என்றாகிறதே என்று வாதாடுகிறார். எங்கள் பெண்கள் தலைக்கு மேல் கூரை இல்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறுகிறார்கள் என்கிறார். பாஜிராவ் ஆட்சியில் மாங், மகர் ஒருவர் தாலீம்கானா எனும் உடற்பயிற்சிக் கூடத்தின் முன் கடந்துபோனால், குல்தேக்டி மைதானத்தில் அவர் தலையை வெட்டிப் பந்தாக்கி வாளை மட்டையாக்கி விளையாடினார்கள் என்கிறார். பிறகு கட்டடங்களுக்கு வருகிறார். எங்களை எங்கள் நிலத்திலிருந்து விரட்டிவிட்டுப் பெரிய கட்டடங்களை எழுப்பினார்கள். அஸ்திவாரம் தோண்டும்போது எங்கள் ஆட்களுக்குச் செந்தூரம் கலந்த எண்ணெயைக் குடிக்கக் கொடுத்து அதற்குள் புதைத்தார்கள். இப்படி எங்கள் வம்சத்தையே அழித்தார்கள் என்கிறார்.

குல்தேக்டி இன்று புனேயின் பெரிய மொத்தக் காய்கறிச் சந்தை இருக்கும் பகுதி. நாங்கள் போன அன்று வெங்காய மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

இங்கே மாணவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முக்தா தம் கட்டுரையில் ஷனிவார் வாடாவின் அஸ்திவாரம் என்று பெயர் சொல்லவில்லை. ஆகவே அந்த மேடைகளுக்கு அடியில் நம் முன்னோர் கிடக்கிறார்கள் என்று மேடையேறி முழங்குவது தவறு. ஆனால் அவர் சொன்னதைச் சிறுமியின் கற்பனை என்று ஒதுக்குவதும் அதே அளவுக்குத் தவறு. பேஷ்வா ஆட்சி முடிந்து 37 ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த ஆட்சியைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர் வீட்டுத் திண்ணையிலும் தெருவிலும் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் வாய்வழி வந்ததைத்தான் அவர் எழுதுகிறார். ஓர் எழுத்து மாறிய கட்டளையை வரலாறாகச் சொல்லும் வழிகாட்டிக்கு இந்தக் கட்டுரையையும் சொல்ல நேரமிருக்க வேண்டும். நாங்கள் கேட்டோம். அவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

பூலேயின் குடும்பக் கதையும் இந்த வாசலைத் தொட்டுத்தான் வருகிறது. அவர் குடும்பத்தார் கடைசிப் பேஷ்வாவான இரண்டாம் பாஜிராவுக்குப் பூக்கட்டிக் கொடுத்த தோட்டக்காரர்கள். குடும்பத்துக்குப் பூலே என்ற பெயர் வந்ததே அதனால்தான். பூ உள்ளே போகலாம், பூவைக் கட்டிய சூத்திரனும் அலுவல் அளவுக்குப் போகலாம். அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. ஜோதிராவ் பிறந்தது 1827 ஏப்ரல் 11. மாளிகை எரிந்தபோது அவர் பத்து மாதக் குழந்தை. ஏழு நாள் எரிந்த தீயின் புகையை அந்தக் கைக்குழந்தையும் சுவாசித்திருக்கும்.

ஆனால் ஆட்சி தீயில் விழவில்லை. அது பத்தாண்டுக்கு முன்பே விழுந்துவிட்டது. 1817 நவம்பர் 5 அன்று கட்கியில் போர் நடந்தது. பாஜிராவ் தோற்று ஓடினார். நவம்பர் 17 அன்று மாளிகை மேல் கம்பெனிக் கொடி ஏறியது. 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகான் போர்.

கோரேகானைப் பற்றி நம் மேடைகளில் சொல்லப்படும் கணக்கைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம். ஐந்நூறு மகர்கள் இருபத்தெட்டாயிரம் பேரை வென்றார்கள் என்கிறோம். கேப்டன் ஸ்டாண்டனின் படையில் இருந்தவர்கள் சுமார் 800 பேர். பல சாதியினர் இருந்தார்கள், மதராஸ் பீரங்கிப் படையின் சிறு பிரிவும் இருந்தது. பேஷ்வாவின் பெரும்படையில் நேரடியாகப் போரில் இறங்கியவர்கள் ஏறத்தாழ 2,000 பேர்; அவர்களில் அரபு வீரர்கள் கணிசம். பகல் முழுக்கச் சோறு தண்ணீரில்லாமல் ஊரைப் பிடித்து நின்றது ஸ்டாண்டனின் படை. பேஷ்வாவின் படை விலகிப் போனது. மறுநாள் இரவு ஸ்டாண்டனும் சிரூருக்குத் திரும்பினார். நினைவுத்தூணில் உள்ள 49 பெயர்களில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிபவை, மகர்களின் பெயர்கள். அந்த 22 பெயர்கள் போதும். தம்மைத் துடைப்பம் கட்டவைத்த அரசுக்கு எதிரே துப்பாக்கியோடு நின்றவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அங்கே போய் நின்றது இதற்காகத்தான். கணக்கை நாமே ஊதிப் பெரிதாக்கினால், மறுப்பவர்களுக்கு ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் தள்ளிவிட வசதியாகிவிடும்.

கொடி மாறியதால் எல்லாம் மாறிவிட்டதா? முக்தா தம் கட்டுரையில் ஆங்கில ஆட்சிக்கு நன்றி சொல்கிறார். அவர் நிலையில் அது நியாயம்; தலையை வெட்டுவது நின்றதே. ஆனால் கம்பெனி அரசு புனேயில் 1821இல் திறந்த கல்லூரி சமஸ்கிருதக் கல்லூரி. இடம், பேஷ்வாவின் இன்னொரு மாளிகையான விஸ்ராம்பாக் வாடா. பிராமணர்களுக்குப் பேஷ்வாக்கள் கொடுத்துவந்த தட்சிணைப் பணம் அதற்குப் பயன்பட்டது. மாங், மகர் பிள்ளைகளுக்குப் பள்ளி வர பூலே தம்பதியர் தலையெடுக்க வேண்டியிருந்தது. கோரேகானில் செத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு 1890களில் அதே ஆங்கில அரசு, போர்க்குணமுள்ள சாதி இல்லை என்று சொல்லிப் படைக் கதவைச் சாத்தியது. படைவீரரின் மகனாகப் பிறந்த அண்ணலுக்கு இந்தக் கதை வீட்டுக் கதை.

இனி 2017க்கு வருவோம். கோரேகானின் இருநூறாம் ஆண்டையொட்டி டிசம்பர் 31 அன்று எல்கார் பரிஷத் என்ற மாநாடு கூடியது. ஓய்வுபெற்ற நீதிபதிகள் பி.பி. சாவந்த், பி.ஜி. கோல்சே பாட்டீல் அமைப்பாளர்களில் இருந்தார்கள். கூடிய இடம் ஷனிவார் வாடா. பிற்பகல் 3 மணிக்கு மேல் நகரத்தில் நிழல் விழக் கூடாது என்று விலக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இரவுவரை அங்கே பாடினார்கள், பேசினார்கள். மறுநாள் கோரேகானுக்குப் போன மக்கள் தாக்கப்பட்டார்கள், கலவரம் வெடித்தது. பிறகு கைதானவர்கள் அந்த மாநாட்டோடு தொடர்புபடுத்தப்பட்டவர்கள். எழுத்தாளர்கள், வழக்குரைஞர்கள், பேராசிரியர்கள் என 16 பேர். கோரேகானைத் தொன்மமாக்குவது நம்மை அடையாளச் சிறையில் தள்ளும் என்று எச்சரித்து எழுதிய ஆனந்த் தெல்தும்டேவும் அவர்களில் ஒருவர். 2020 ஏப்ரல் 14, அண்ணல் பிறந்த நாளில், அவர் சரணடைந்தார்.

பதினாறு பேரில் கடைசியாகக் கைதானவர் நம் திருச்சி மாவட்டம் விரகலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி. ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்நாளைக் கழித்தவர். நடுக்குவாத நோயால் கோப்பையைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றம் போனவர். 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், ஜாமீன் கிடைக்காமலேயே மும்பை மருத்துவமனையில் இறந்தார். எரிந்துபோன ஓர் அரண்மனையின் வாசலில் நடந்த கூட்டத்துக்கும் அவருடைய சாவுக்கும் நடுவே எத்தனை காகிதங்கள் எழுதப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வாசலை இறந்தகாலத்தின் எச்சம் என்று மட்டும் எப்படிச் சொல்வது?

வாசலிலிருந்து சிவாஜி சாலையில் தெற்கே பத்து நிமிடம் நடந்தால் புத்வார் பேட்டையில் தக்டூஷேட் கணபதி கோயில். எந்நேரமும் கூட்டம். அதற்கு எதிரே இன்னொரு வாடா இருந்தது, பிடே வாடா. 1848இல் பூலே தம்பதியர் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய வீடு. பிராமணரான பிடே தம் வீட்டைப் பள்ளிக்குக் கொடுத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்வோம். ஷனிவார் வாடா தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. புல்வெட்ட ஆள் உண்டு, கதவின் இரும்பு முனைக்குக் காவல் உண்டு. பிடே வாடா கடைகளுக்கு நடுவே, சரிந்த மாடியும் கிழிந்த கூரையுமாகப் பல்லாண்டு கிடந்தது. நினைவிடம் எழுப்ப வேண்டும் என்று அமைப்புகள் போராடின, கடைக்காரர்கள் வழக்காடினார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2023 நவம்பரில் முடிந்தது. டிசம்பரில் ஓர் இரவு மாநகராட்சி வந்து கட்டடத்தை இடித்தது. அங்கே நினைவிடம் வரும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் சாவித்திரிபாய் ஏறிய படி எது, பிள்ளைகள் உட்கார்ந்த தரை எது என்று காட்ட இனி ஒன்றுமில்லை. பூட்டி வைக்கக் கட்டிய மரக்கதவு முந்நூறு ஆண்டை எட்டப்போகிறது. திறந்துவிடப் பயன்பட்ட வீட்டின் ஒரு கதவுகூட மிஞ்சவில்லை.

இதைச் சொன்னபோது எங்களில் ஒருவர், அப்படியானால் ஷனிவார் வாடாவையும் இடித்துவிடலாமே என்றார். கோபத்தில் சொன்னது. மற்றவர்கள் ஒப்பவில்லை. அந்த 72 முனைகளும் நிற்க வேண்டும். கழுத்தில் கலயம் தொங்கியது என்று நாம் சொல்லும்போது நம்பாதவர்களை அழைத்துப்போய்க் காட்ட அந்தக் கதவாவது இருக்கிறது. கேட்க வேண்டியது, வாசலின் வெளிப்புறத்தில் ஒரு பலகை. அதில் அந்த 3 மணி, 9 மணிக் கணக்கு இருக்க வேண்டும். 1855இல் ஒரு பெண்பிள்ளை எழுதியது இருக்க வேண்டும். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தமிழிலும் இருக்கட்டும். அங்கே போகும் தமிழர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பலகை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முக்தா சால்வேயின் கட்டுரையை எங்கள் மாணவர்கள் தமிழில் கொண்டுவர முயன்றிருக்கிறார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக வந்ததால் சில இடங்களில் தடுமாற்றம் இருக்கிறது. மராத்தி தெரிந்த தோழர்கள் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தித் தந்தால் நன்றாக இருக்கும். படிகள் அரங்கின் பின்பக்கம் மேசையில் இருக்கின்றன. நாற்பது படிகள்தான் எடுத்தோம். ஒரு ஊருக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு, படித்தபின் அடுத்தவரிடம் கொடுங்கள்.